நீரில்லாத நீர்க்குறி

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று நம் சங்கச் செயலாளர் கேட்டபோது, "பௌதிகம் படிக்கிறவனிடம் கட்டுரை கேட்கிறீர்களே அண்ணே" என்று தட்டிக் கழிக்கப் பார்த்தேன். அவர் விடவில்லை. "பொங்கல் விழாப் படங்களின்மேல் சங்கத்தின் பெயரைப் போட்டுத் தருவதாகச் சொன்னாயே, அதைப் பற்றியே எழுது" என்றார். அவர் வேடிக்கையாகத்தான் சொல்லியிருப்பார். ஆனால் படத்தின்மேல் பெயர் போடுவது பற்றி எனக்கும் என் தந்தையாருக்கும் ஓராண்டாக ஒரு வழக்கு நடந்து வருகிறது என்பது அவருக்குத் தெரியாது. ஆகவே எழுதத் துணிந்தேன்.

என் தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து 1984-இல் பம்பாய்க்கு வந்தவர். தாராவியில் முதலில் ஒருவரிடம் கையாளாக இருந்து தொழில் பழகி, 1989-இல் தனியே ஒரு ஸ்டூடியோ வைத்தார். ஸ்டூடியோ என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டா. பத்தடிக்கு எட்டடியில் ஓர் அறை, சுவரில் ஏரியும் அன்னமும் எழுதிய ஒரு திரை, இரண்டு விளக்குகள், சீப்பு, பவுடர், முகம் பார்க்கும் கண்ணாடி, வேலைக்கு மனுப் போடுகிறவர்கள் வந்தால் மாட்டிக்கொள்ள ஆணியில் தொங்கும் ஒரு கோட்டு. அந்தக் கோட்டுக்குள் தாராவியின் பாதி இளைஞர்கள் புகுந்து வெளிவந்திருப்பார்கள். பாஸ்போர்ட்டுப் படம், ஊருக்கு அனுப்பும் பெண்பார்க்கும் படம், கல்யாணம், காதுகுத்து, சாவு என்று எல்லாம் எடுத்தார். கையடக்கத் தொலைபேசியிலேயே காமிரா வந்துவிட்ட பிறகு, 2011-இல் கடையை மூடினார். திரையும் விளக்கும் விலைக்குப் போயின. நெகட்டிவ்கள் மட்டும் மூன்று தகரப் பெட்டிகளில் கட்டிலுக்கு அடியில் இருந்தன. ஒவ்வொரு சுருளும் ஒரு காகித உறையில். ஒவ்வோர் உறையின் மேலும் அப்பாவின் கையெழுத்தில் ஓர் எண்.

சென்ற கோடை விடுமுறையில் அந்தப் பெட்டிகளைத் திறந்தேன். மழைக்காலத்து ஈரம் சிலவற்றைத் தின்றிருந்தது. மிஞ்சியவற்றை ஸ்கேன் செய்து கணிப்பொறியில் ஏற்றத் தொடங்கினேன். ஆரஞ்சு நிறப் படச்சுருளில் கறுப்புப் பற்களோடும் வெள்ளைத் தலைமுடியோடும் இருக்கிற மனிதர்கள், ஒரு பொத்தானைத் தட்டியதும் மனிதராகித் திரும்புகிற அந்தக் காட்சி எத்தனை முறை பார்த்தாலும் சலிக்கவில்லை. அவற்றுள் ஒன்று, 1993-ஆம் ஆண்டுப் பொங்கல். தாராவியின் 90 அடிச் சாலையில் வரிசையாக அடுப்பு மூட்டிப் பெண்கள் பொங்கல் வைக்கும் வழக்கம் உங்களில் பலர் அறிந்ததே. அந்த ஜனவரி பம்பாய்க்கு நல்ல ஜனவரி அன்று. கலவரம் ஓய்ந்தும் ஓயாத நாள்கள். படத்தில் மூன்றே அடுப்புகள். புகைக்குப் பின்னால் ஒரு மூதாட்டி காமிராவைப் பார்க்காமல் தெருவின் கோடியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். இதை யாரும் கேட்டு அப்பா எடுக்கவில்லை; யாரும் காசு கொடுக்கவுமில்லை.

இந்தப் படத்தை அப்பாவே தம் பழைய கூட்டாளிகள் சிலருக்கு அனுப்பினார். அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அனுப்பினார்கள். மூன்று வாரத்தில் அது எங்களுக்கே திரும்பி வந்தது. வரும்போது மூதாட்டியின் மார்பின் குறுக்கே, சாய்வாக, பாதி ஒளி ஊடுருவும் வெள்ளை எழுத்தில், பழைய படங்களைத் திரட்டி வெளியிடும் யாரோ ஒருவருடைய பெயர் இருந்தது. எழுதிக் கேட்டேன், பதில் இல்லை. எனக்கு அன்று உறக்கம் வரவில்லை. அப்பாவுக்கு நன்றாக வந்தது.

மறுநாள் காலையிலேயே நானும் அந்த ஆயுதத்தைக் கையில் எடுத்தேன். கிம்ப் என்றொரு இலவச மென்பொருள் உண்டு. 1995-இல் கலிபோர்னியாவின் பெர்க்கிலியில் மாணவராக இருந்த ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்ற இருவர் தொடங்கியது அது. விலை கொடுத்து வாங்கும் போட்டோஷாப்பும் ஒரு மாணவன் கைவேலையே. 1987-இல் மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த தாமஸ் நால் எழுதத் தொடங்கியது. ஆய்வுக் கட்டுரையைத் தள்ளிப்போடுவதில் விளையும் நன்மைகளை நம் பேராசிரியர்கள் உணர்வார்களாக!

செய்முறை எளிது. படத்தைத் திறந்து, அதன்மேல் ஓர் எழுத்து அடுக்கை வைக்க வேண்டும். வீட்டில் மேசைமேல் கண்ணாடித் தகட்டை விரித்து அதில் எழுதுவதுபோல என்று கொள்ளுங்கள். எழுதுவது கண்ணாடியில், மேசைக்கு ஒன்றும் ஆவதில்லை. பெயரை வெள்ளை நிறத்தில் எழுதி, அடுக்கின் ஒளிபுகாத் தன்மையை நூறிலிருந்து இருபத்தைந்துக்கு இறக்கினால் எழுத்து ஆவிபோல் மங்கிக் கீழே உள்ள படம் தெரியும். பிறகு ஜேபெக் கோப்பாக ஏற்றுமதி செய்தால் கண்ணாடியும் மேசையும் ஒன்றாக ஒட்டிவிடும். அடுக்குகள் பிரிந்தே இருக்கும் மூலக் கோப்பை வேறாகச் சேமித்து வைப்பது நல்லது. நூற்றுக்கணக்கில் படம் இருந்தால் இமேஜ்மாஜிக் என்ற கருவிக்கு ஒரே கட்டளை கொடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகலாம்.

உள்ளே நடக்கும் கணக்கும் பள்ளிக்கூடக் கணக்கே. ஒரு புள்ளியின் ஒளியளவு 0 முதல் 255 வரை. படத்தில் 120 இருக்கிறது. எழுத்தின் வெள்ளை 255. கால் பங்கு எழுத்து, முக்கால் பங்கு படம் என்றால் 63.75-உம் 90-உம் சேர்ந்து ஏறக்குறைய 154. மென்பொருள்கள் நிறங்களை வேறு விதமாகக் கலப்பதும் உண்டு, கருத்து இதுவே. இங்கேயே இதன் பலவீனமும் இருக்கிறது. எழுத்தின் வடிவமும் அந்தக் கால் பங்கும் ஒருவனுக்குத் தெரிந்துவிட்டால் 154-இலிருந்து 63.75-ஐக் கழித்து முக்காலால் வகுப்பான். மறுபடி 120 கிடைத்துவிடும். பூட்டையும் மாட்டிச் சாவியையும் அதிலேயே தொங்கவிடுகிற வேலை இது.

உண்மையில் இதை நீர்க்குறி என்று அழைப்பதே பொருந்தாது. உங்கள் பையில் ஐந்நூறு ரூபாய் நோட்டு இருந்தால் (மாதக் கடைசியில் இப்படிக் கேட்பது கொடுமைதான்) வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். வெற்றிடமாகத் தோன்றிய பகுதியில் காந்தியடிகளின் முகமும் 500 என்ற எண்ணும் தெரியும். அவை மையால் அச்சிட்டவை அல்ல. காகிதம் கூழாக, ஈரமாக இருக்கும்போதே அதன் கனத்தை இடத்துக்கு இடம் மாற்றிவிடுகிறார்கள். மெல்லிய இடம் ஒளியை மிகுதியாக விடுகிறது. தடித்த இடம் தடுக்கிறது. இத்தாலியில் ஃபாப்ரியானோ என்ற ஊரில் 13-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, கூழை அள்ளும் சல்லடையில் கம்பியை வளைத்துக் கட்டி இதைச் செய்தார்கள். நம் நாட்டு அஞ்சல் தலைகளிலும் 1865 முதல் யானைத் தலை நீர்க்குறி இருந்தது. இந்தக் குறியை நீக்க வேண்டுமானால் காகிதத்தையே அழிக்க வேண்டும். நாம் கணிப்பொறியில் செய்வதோ காகிதம் காய்ந்து, படமும் அச்சான பிறகு, மேலே ஒரு ரப்பர் முத்திரையைக் குத்துவது.

தமிழர்க்கு இது தெரியாத வித்தையும் அன்று. சம்பந்தர் தம் பதிகங்களின் கடைசிப் பாட்டில் தம் பெயரை வைத்தார். திருக்கடைக்காப்பு என்று அதற்கொரு பெயரும் உண்டு. முத்துசுவாமி தீட்சிதர் தம் கீர்த்தனைகளில் 'குருகுஹ' என்ற முத்திரையைப் பதித்தார். பெயரை எடுத்தால் யாப்பு உடையும், தாளம் இடறும். ஃபாப்ரியானோக் கம்பியின் வேலையைச் சொல்லால் செய்தவர்கள் அவர்கள்.

நிற்க. படங்களிலும் அப்படி உள்ளே ஒளித்து வைக்க இயலாதா என்று விஞ்ஞானிகள் கேட்காமல் இல்லை. 154-ஐ இரும எண்ணில் 10011010 என்று எழுதுவோம். கடைசிப் பூச்சியத்தை ஒன்றாக்கினால் 155. இந்த வேறுபாட்டை எந்தக் கண்ணும் காணாது. 'அ' என்ற எழுத்துக்கு யூனிகோடு வழங்கியிருக்கும் எண்ணைப் பதினாறு பிட்டுகளில் எழுதலாம். ஆகப் பதினாறு புள்ளிகளின் கடைசி இலக்கத்தில் ஓர் அகரத்தை ஒளித்துவிடலாம். அழகான யோசனை. ஆனால் இப்படம் வாட்ஸ்அப்பில் ஒரு முறை பயணம் செய்தால் போதும். அனுப்பும் வழியில் படம் மறுபடியும் சுருக்கப்படுகிறது. ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாக வெட்டி, கண்ணுக்குத் தெரியாத நுண்மைகளைத் தூக்கி எறிகிறது. கண்ணுக்குத் தெரியக்கூடாது என்றுதானே நாம் ஒளித்தோம்! முதலில் போவது அதுவே.

இதற்கு மறுமொழியாக 1997-இல் இங்கெமர் காக்ஸ் முதலிய நால்வர் எழுதிய கட்டுரையை எங்கள் ஆய்வகத்தில் வைத்துப் படித்தேன். அவர்கள் தலைகீழாகச் சிந்தித்தார்கள். எறியப்படும் இடத்தில் ஒளிக்காதே. எதை எறிந்தால் படமே கெடுமோ அங்கே ஒளி என்றார்கள். படத்தை அலைகளின் கூட்டாகப் பிரித்து, அவற்றுள் வலிமை மிக்க ஆயிரம் அலைகளின் அளவை ஒவ்வொன்றிலும் சிறிதே மாற்றுகிறார்கள். எந்த ஒன்றிலும் மாற்றம் புலப்படாது. ஆயிரத்தையும் ஒருங்கே ஒப்பிட்டால் மட்டும் குறி எழுந்து நிற்கும். பொறிகள் தாமே வரைந்து தள்ளும் படங்களை அடையாளம் காண, கூகுள் நிறுவனத்தின் ஆய்வுக் கூடம் 2023-இல் வெளியிட்ட சிந்த்ஐடி என்பதும் கண்ணுக்குத் தெரியாத குறி என்ற இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆனால் இதையெல்லாம் தாராவியில் ஒருவர் கட்டிலுக்கு அடியில் இருக்கும் பெட்டிக்குப் பயன்படுத்த முடியாது. ஒளித்த குறியைத் தேடிக் காட்டும் கருவி ஒளித்தவனிடம் மட்டும் இருந்தால், தெருவில் போகிறவன் அதை எப்படி அறிவான்? எனக்கு வேண்டியது கண்ணுக்குத் தெரியும் பெயர்.

எனவே இருநூறு படங்களில் ஸ்டூடியோவின் பெயரைக் குறுக்கே போட்டேன். எல்லாவற்றிலும் ஒரே அளவு, ஒரே இடம். அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். முதல் படமே ஒரு கல்யாணப் பெண். அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஏலே, இவ மூஞ்சி மேல என் பேரை எதுக்குல எழுதுத?"

"திருடிரக் கூடாதுன்னுதாம்பா."

"இது அந்தப் பிள்ள கல்யாணம்லா? அவ அப்பன் கூலி குடுத்து எடுக்கச் சொன்ன படம். அவுக வீட்டுல மாட்டணும்னா எம் பேரையுமா சேத்து மாட்டணும்?"

நான் உரிமை, சட்டம் என்றெல்லாம் பேசினேன். அவர் வாதாடவில்லை, எழுந்து போய்விட்டார். சரி, சட்டத்தையே பார்த்துவிடுவோம் என்று 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தைப் புரட்டினேன். 17-ஆம் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? ஒருவர் பொருள் கொடுத்துக் கேட்டுக்கொள்ள எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கு, வேறு உடன்பாடு இல்லாதபோது, கேட்டவரே முதல் உரிமையாளர். பத்தாம் வகுப்போடு நின்ற என் தந்தையார் சொன்னதைத்தான் பாராளுமன்றமும் சொல்லியிருக்கிறது! ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதே சட்டத்தின் 57-ஆம் பிரிவு, உரிமை கைமாறிய பின்னும் 'இதைப் படைத்தவன் நான்' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைத்தவனை விட்டுப் போகாது என்கிறது. 2012-இல் சேர்த்த 65-பி பிரிவு, படைத்தவர் பெயர் முதலிய தகவலை வேண்டுமென்றே உரிமையின்றி நீக்குகிறவனுக்கு இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் என்கிறது. கல்யாணப் பெண்ணின் படம் அவள் வீட்டுக்கு. எடுத்தவன் பெயர் எடுத்தவனுக்கு. 1993-ஆம் ஆண்டுப் பொங்கலோ யாரும் கேட்டு எடுத்ததன்று; இரண்டும் அப்பாவுக்கே.

இதற்கிடையில் இன்னொன்றையும் படித்தேன். 2017-இல் கூகுள் ஆராய்ச்சியாளர் சிலர் வெளியிட்ட முடிவு அது. ஒரே குறியைப் பல படங்களின்மேல் மாற்றமின்றிப் போட்டால், அப்படங்களை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தே குறியின் வடிவத்தைத் தனியே பிரித்தெடுத்து, எல்லாப் படங்களிலிருந்தும் தானாகவே துடைத்துவிடலாமாம். ஒவ்வொரு படத்திலும் குறியைச் சிறிதே நெளித்து வைத்தால் துடைப்பது கடினமாகிறதாம். சோதித்துப் பார்க்க விரும்பினேன். அவர்கள் முறை நுட்பமானது. நான் செய்தது வெறும் சராசரி. பெயர் போட்ட இருநூறு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, புள்ளிக்குப் புள்ளி கூட்டி, இருநூறால் வகுத்தேன். இருபது படம் கூடும்போதே முகங்கள் கலங்கின. நூறில் மாலைகளும் பட்டுப் புடைவைகளும் கரைந்து பழுப்பாயின. முடிவில் திரை முழுதும் மங்கிய சாம்பல் நிறம். அதன் நடுவே ஸ்டூடியோவின் பெயர் மட்டும் ஓர் எழுத்தும் சிதையாமல் பளிச்சென்று நின்றது.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "எல்லாரும் போயிட்டாக. எம் பேரு மட்டும் நிக்கி" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

அன்று மாலை அவர் ஒரு பழைய படத்தைத் தேடி எடுத்து வந்தார். அவர் கையாளாக இருந்த கடையில் 1986-இல் எடுத்த ஒரு குடும்பப் படம், கனத்த அட்டையில் ஒட்டியது. படத்துக்குக் கீழே இரண்டு விரல் அகலத்துக்கு வெற்று அட்டை. அதன் வலது மூலையில், மையில்லாமல் அழுத்தியே பதித்த கடைப் பெயர்; விரலால் தடவினால் தெரியும், தள்ளி வைத்துப் பார்த்தால் தெரியாது. பின்பக்கம் நெகட்டிவ் எண். "இப்படிப் போட முடியுமால?" என்றார்.

முடியும். கிம்பில் படத்தின் உயரத்தைவிடக் கித்தானின் உயரத்தைக் கூட்டினால் கீழே ஒரு வெள்ளைப் பட்டை கிடைக்கும். அதில் பெயர், ஆண்டு, உறை எண் மூன்றையும் சிறிய எழுத்தில் எழுதலாம். ஆனால் அதை வெட்டி எறிய எந்த மென்பொருளும் வேண்டா. தொலைபேசியில் விரலால் இழுத்தால் போதும். அதைச் சொன்னேன்.

"வெட்டுதவன் வெட்டிக்கிடுவான், நீ எங்கெ போட்டாலும். நம்பரு அவனுக்கு இல்லலே. கேட்டு வாரவனுக்கு."

கடை இருந்த காலத்தில் அப்படித்தான் வருவார்களாம். ஒருவர் இறந்துவிடுவார், மாலை போட ஒரு படம் வேண்டும். வீட்டில் இருப்பதோ பத்தாண்டுக்கு முன் மனுவுக்கு எடுத்த சிறு படம். அதன் பின்பக்கத்து எண்ணைக் காட்டினால், அப்பா உறையைத் தேடி எடுத்துப் பெரிதாகப் போட்டுத் தருவார். இரவலாக மாட்டிய அந்தக் கோட்டோடுதான் பல பேர் சுவரில் தெய்வமானார்கள். எண் இல்லாமல் வந்தவர்களுக்கும் தேடுவாராம். சில சமயம் இரவெல்லாம்.

இப்போது எங்களுக்குள் ஓர் உடன்பாடு ஏற்பட்டிருக்கிறது. வீட்டுப் படங்களுக்கெல்லாம் கீழே வெள்ளைப் பட்டை. முகத்தின்மேல் ஒன்றும் இல்லை. கோப்பின் உள்ளே எழுதிவைக்கும் ஐ.பி.டி.சி. தகவலிலும் அதே எண். சமூக வலைத்தளங்கள் பல அதைக் களைந்துவிடும் என்றாலும், மூலக் கோப்பைக் கேட்டு வாங்குகிறவர்களிடம் அது நிற்கும். தெருப் படங்கள் ஏறக்குறைய எழுபது இருக்கின்றன. அவற்றில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. படத்தின் உள்ளேயே, ஆனால் முகங்களைத் தொடாமல், துடைத்தால் தடம் தெரியும்படி நுணுக்கம் மிகுந்த பகுதியாகப் பார்த்து, ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் சிறிது நெளித்து அப்பாவின் பெயரை வைக்கிறேன். வழவழப்பான வானத்தில் வைத்த எழுத்தைக் குழந்தையும் துடைத்துவிடும். கூரை ஓடுகளின் மேலும் கூட்டத்தின் உடைகளின் மேலும் வைத்ததைத் துடைப்பது கடினம். பொங்கல் படத்தில் பெயர் இருப்பது அடுப்புப் புகைக்குப் பக்கத்தில், செங்கல் சுவரின்மேல். அப்பா அதற்குச் சம்மதம் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. "ஸ்டூடியோ பேரு வேண்டாம், எம் பேரைப் போடு" என்று மட்டும் சொன்னார்.

நம் சங்கத்துப் படங்களுக்கு வருகிறேன். செயற்குழு சங்கச் சின்னத்தைப் படத்தின் நடுவில் போடச் சொல்லியிருக்கிறது. கோலத்தின் நடுவிலோ, பரிசு வாங்கும் தங்கையின் முகத்திலோ அதை நான் போடப் போவதில்லை. கீழே பட்டையில் சங்கத்தின் பெயர், விழாவின் ஆண்டு, எடுத்தவர் பெயர், எண் ஆகியவை இருக்கும். எடுத்தவர் பெயர் கட்டாயம் இருக்கும். சென்ற ஆண்டு படமெடுத்த முதலாண்டு மாணவர் யார் என்று இன்று கேட்டால் இருவருக்கு மேல் சொல்ல மாட்டார்கள். உங்கள் படம் உங்களுக்குப் பட்டையில்லாமல் வேண்டுமானால் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், தருகிறேன்.

இன்னொரு வேண்டுகோள். இதுவரை 612 படங்கள் முடிந்திருக்கின்றன. ஒன்றரைப் பெட்டி மீதி இருக்கிறது. தாராவியில் சுற்றத்தார் உள்ள நண்பர்கள், வீட்டில் 1989-க்கும் 2011-க்கும் இடையே எடுத்த படம் ஏதேனும் இருந்தால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அதைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் நீல மையில் சாய்வான கையெழுத்தில் நாலிலக்க எண் ஒன்று இருந்தால் என்னிடம் சொல்லுங்கள். எண் அழிந்திருந்தாலும் சொல்லுங்கள், அப்பா தேடுவார்.